எம்1 காரண்ட் ரைபிள்: வாங்குவதிலிருந்து 200 கெஜ இலக்கு வரை முழுமையான வழிகாட்டி

எம்1 காரண்டின் குழலுக்கு அடியில், மரக்கட்டைக்குள் பாதி மறைந்தபடி, ஒரு நீண்ட எஃகுத் தண்டு ஓடுகிறது. அதன் பெயர் ஆப்பரேட்டிங் ராட். வைத்திருப்பவர்கள் ஆப்-ராட் என்று சுருக்கிச் சொல்வார்கள். வாங்கும்போது எதைச் சோதிப்பது, எங்கே கிரீஸ் தடவுவது, எந்தத் தோட்டாவைப் போடுவது என்ற கேள்விகள் எல்லாமே இந்தத் தண்டைச் சுற்றித்தான் வருகின்றன. இதைப் புரிந்துகொண்டவர் கையில் எண்பது வயதுத் துப்பாக்கியும் தடங்கலில்லாமல் ஓடும். புரியாமல் கடையில் கிடைத்த வேட்டைத் தோட்டாவைப் போட்டால் தண்டு வளைந்துவிடும்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் இருந்த ஸ்பிரிங்ஃபீல்ட் அரசு ஆயுதச் சாலையில் ஜான் காரண்ட் வடிவமைத்த ரைபிள் இது. 1936-இல் ராணுவம் ஏற்றது, 1957-இல் தயாரிப்பு நின்றது. இடைப்பட்ட காலத்தில் ஸ்பிரிங்ஃபீல்ட், வின்செஸ்டர், பிறகு 1950-களில் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர், ஹாரிங்டன் அண்ட் ரிச்சர்ட்சன் ஆகிய இடங்களில் ஏறக்குறைய 54 லட்சம் ரைபிள்கள் உருவாயின. குழல் 24 அங்குலம், எடை நாலேகால் கிலோவுக்குச் சற்று மேல், எட்டுத் தோட்டாக்களைச் சேர்த்துப் பிடித்தபடி ரைபிளுக்குள் போகும் எஃகுக் கிளிப், .30-06 அளவுத் தோட்டா. இன்று அங்கே இது இலக்குச் சுடும் போட்டிகளுக்கான ரைபிள்.

இயங்கும் முறை எளிது. முகவாயிலிருந்து, அதாவது குழலின் முன்முனையிலிருந்து, ஒன்றரை அங்குலம் பின்னால் குழலின் அடிப்பக்கத்தில் ஒரு சிறு துளை உண்டு. ரவை அதைக் கடந்ததும் வாயு அந்தத் துளை வழியே கேஸ் சிலிண்டருக்குள் பாய்ந்து, ஆப்-ராடின் முனையிலுள்ள பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளும். தோட்டா உட்காரும் அறையைப் பின்னாலிருந்து மூடியிருக்கும் போல்ட்டைத் தண்டு திருப்பித் திறக்கும், காலி உறை வெளியே விழும், ஸ்பிரிங் எல்லாவற்றையும் முன்னுக்குத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றும். துளை இவ்வளவு முன்னால் இருப்பதுதான் தோட்டாத் தேர்வில் வரும் சிக்கல் அனைத்துக்கும் காரணம். அதைப் பிறகு விரிவாகப் பார்ப்போம்.

எங்கே வாங்குவது

முதலில் சி.எம்.பி. எனப்படும் சிவிலியன் மார்க்ஸ்மன்ஷிப் ப்ரோகிராமைப் பாருங்கள். 1903-இல் தொடங்கிய அரசுத் திட்டம் அது. 1996 முதல் லாப நோக்கமற்ற தனி நிறுவனமாக இயங்குகிறது. ராணுவம் திருப்பித் தந்த காரண்டுகளைப் பரிசோதித்து, சர்வீஸ், ஃபீல்ட், ரேக் எனத் தரம் பிரித்து விற்கிறார்கள். அமெரிக்கக் குடியுரிமைச் சான்று, சி.எம்.பி.யோடு இணைந்த சங்கத்தின் உறுப்பினர் சான்று, சுடும் பயிற்சியில் பங்கேற்றதற்கான சான்று ஆகியவற்றைக் கேட்பார்கள். பின்னணிச் சோதனையும் உண்டு. சில மாநிலங்களில் உரிமம் பெற்ற வணிகர் வழியாகத்தான் ரைபிள் கைக்கு வரும். உங்கள் மாநில விதியைப் பணம் கட்டுவதற்கு முன் பார்த்துவிடுங்கள். அலபாமாவின் அனிஸ்டனில் உள்ள அவர்களுடைய கடைக்கு நேரில் போக முடிந்தால் போவதே நல்லது. ஒரே தரத்தில் அடுக்கியிருக்கும் பத்து ரைபிளுக்குள் இரண்டு மற்றவற்றைவிடத் தெளிவாக நல்லதாக இருக்கும். அதைக் கையில் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

தனியாரிடம் வாங்குவதாக இருந்தால் ஒட்டு ரிசீவர்களைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். குழலும் போல்ட்டும் பொருந்தும் எஃகு உடல்தான் ரிசீவர். பழைய இரும்பாக வெட்டிப் போட்ட ரிசீவர்களின் முன்பாதியையும் பின்பாதியையும் பற்றவைத்து விற்ற காலம் ஒன்று இருந்தது. பற்றவைத்த சூட்டில் எஃகின் கடினம் போயிருக்கும். ரிசீவரின் நடுப்பகுதியில் நிறம் மாறுகிறதா, போல்ட் ஓடும் பள்ளம் ஓரிடத்தில் படி விழுந்ததுபோல விலகுகிறதா, அரம் தேய்த்த தடம் இருக்கிறதா என்று விளக்கொளியில் பாருங்கள். சந்தேகம் வந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

கையில் எடுத்ததும் செய்ய வேண்டிய சோதனைகள்

முதல் வேலை, ஆப்-ராட் கைப்பிடியைப் பின்னுக்கு இழுத்து அறை காலியாக இருக்கிறதா என்று கண்ணாலும் சுண்டுவிரலாலும் உறுதி செய்வது. இழுத்த நிலையிலேயே ரிசீவருக்கு முன்னால், வலப்பக்கம், குழலின் பக்கவாட்டில் டார்ச் அடியுங்கள். தண்டு மூடியிருந்த இடத்தில் எழுத்துகள் தெரியும். எஸ் ஏ, அடுத்து ஒரு மாதம், ஒரு வருடம். "3 52" என்றால் அந்தக் குழல் 1952 மார்ச்சில் செய்தது. ரிசீவரின் பின்முனையில் உள்ள வரிசை எண் 1943-ஐச் சொல்லலாம், குழல் 1952-ஐச் சொல்லலாம். இது குறையல்ல. ராணுவப் பட்டறைகளில் காரண்டுகளை முழுவதும் கழற்றி, கிடைத்த நல்ல பாகங்களைப் போட்டுத்தான் திரும்பப் பூட்டினார்கள்.

குழலில் .308 அல்லது 7.62 என்று குறி இருக்கிறதா என்றும் அப்போதே பாருங்கள். அமெரிக்கக் கடற்படை பல காரண்டுகளை அந்தத் தோட்டாவுக்கு மாற்றியது. பின்னர் தனியாரும் மாற்றினார்கள். .30-06 தோட்டா தவறி உள்ளே போகாமலிருக்க மேகசினின் முன்பக்கத்தில் ஒரு தடுப்புக்கட்டை வைப்பது வழக்கம். அது இருந்தாலும் இல்லாவிட்டாலும் குழலில் உள்ள குறியை மட்டும் நம்புங்கள்.

அடுத்து தேய்மான அளவுகோல்கள். ஒன்று முகவாயில் நுழைவது, மற்றொன்று அறைக்கு முன்னாலுள்ள தொண்டையில் நுழைவது. புதுக் குழல் இரண்டிலும் 1-ஐ ஒட்டிக் காட்டும். முகவாய் 3-க்குக் கீழும் தொண்டை 5-க்குக் கீழும் இருந்தால் தாராளமாக வாங்கலாம். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் முகவாய் நன்றாக இருக்கும் ரைபிளை எடுங்கள். காரண்டை முகவாய் வழியாகவே சுத்தம் செய்ய வேண்டும் என்பதால், அவசரமாகக் கம்பியை விட்டு விட்டு இழுத்த கைகள் பல குழல்களின் வாயைத் தேய்த்துக் கோணலாக்கியிருக்கின்றன. வாய் கோணிய குழலில் குறி சேராது.

டிரிகர் சோதனையை யாரும் தவிர்க்கக் கூடாது. அறை காலியாக இருக்கும்போது டிரிகரை அழுத்துங்கள், சுத்தியல் விழும். அழுத்திய விரலை எடுக்காமல் ஆப்-ராடை முழுதும் இழுத்து விடுங்கள். இப்போது விரலை மெதுவாகத் தளர்த்தினால் "டிக்" என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். மறுபடி அழுத்தினால் சுத்தியல் விழ வேண்டும். அந்தச் சத்தம் வராமல் சுத்தியல் போல்ட்டோடு சேர்ந்தே முன்னால் போயிருந்தால் அந்த டிரிகர் தொகுதி ஆபத்தானது. நல்ல தொகுதி மாற்றும்வரை ஒரு தோட்டாகூடப் போடக் கூடாது.

மரக்கட்டைப் பொருத்தத்தை டிரிகர் கார்டு சொல்லிவிடும். கழற்றி மறுபடி மூடும்போது கடைசிப் பகுதியில் உள்ளங்கையால் அழுத்தித்தான் பூட்ட முடிய வேண்டும். விரல் நுனியில் மூடிக்கொண்டால் மரம் அமுங்கிவிட்டது, ரைபிள் கட்டைக்குள் ஆடும். ஆடினால் குறி சிதறும். கேஸ் சிலிண்டரைப் பிடித்து இடவலமாக அசைத்துப் பாருங்கள். முன்சைட் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது என்பதால் அங்கே ஆட்டம் இருந்தால் குறியும் அதோடு ஆடும்.

இனி ஆப்-ராட். துப்பாக்கியைக் கழற்றத் தெரிந்தவர் துணையோடு ஸ்பிரிங்கை மட்டும் எடுத்துவிட்டு, போல்ட்டையும் தண்டையும் அப்படியே விட்டு, ரைபிளின் முகவாயை மேலே தூக்குங்கள். 60 பாகை அளவுக்குச் சாய்த்ததும் தண்டும் போல்ட்டும் தம் எடையிலேயே பின்னால் சறுக்க வேண்டும். கீழே சாய்த்தால் முன்னால் சறுக்கி மூட வேண்டும். நடுவில் நின்றால் எங்கேயோ உரசுகிறது. கட்டையின் உட்புறத்தில் பளபளவென்று தேய்ந்த தடமோ, கைக்காப்பு மரத்தில் கீறலோ இருக்கும். தேடிப் பிடித்து அந்த மரத்தைத்தான் செதுக்க வேண்டும். தண்டைத் தட்டி நிமிர்த்தக் கூடாது. பார்த்ததும் வளைந்ததுபோலத் தெரிவது அதன் இயல்பான வடிவம், அந்த வளைவு வேண்டுமென்றே வைத்தது.

பிஸ்டன் முனையை மைக்ரோமீட்டரில் அளந்தால் புதியது 0.526 அங்குலம் காட்டும். 0.525-க்குக் கீழே போனால் வாயு கசிந்து தண்டு முழுதும் பின்னால் வராது. ஸ்பிரிங்கைத் தரையில் வைத்து நீட்டாமல் அளந்து பாருங்கள். புதியது 20 அங்குலத்தை ஒட்டியிருக்கும், 19-க்குக் கீழே போயிருந்தால் மாற்றிவிடுங்கள். விலை சொற்பம், மற்ற பாகங்களுக்கு அதுதான் காப்பு. போர்க்காலத் தண்டுகளில் கைப்பிடிப் பகுதி தண்டின் நீண்ட பகுதியோடு சேரும் மூலை செங்கோணமாக இருக்கும். அந்த மூலையில் விரிசல் விழுந்ததால் பிற்பாடு ராணுவம் அங்கே அரைவட்டமாக வெட்டிவிட்டது. வெட்டாத தண்டு சேகரிப்பவர்களுக்கு விலைமதிப்பானது. சுடுவதற்கு வெட்டிய தண்டே நல்லது.

கிரீஸ் எங்கே, எவ்வளவு

காரண்டுக்கு எண்ணெய் போதாது, கிரீஸ் வேண்டும். வேகமாக ஓடும் கனமான பாகங்களிலிருந்து எண்ணெய் சிதறி வற்றிவிடும். லூப்ரிப்ளேட் 130-ஏ ராணுவக் காலத்திலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. இல்லாவிட்டால் வண்டிச் சக்கரத்துக்குப் போடும் நல்ல கிரீஸும் வேலை செய்யும்.

போல்ட்டின் இரண்டு பூட்டுக் காதுகளிலும் அவை உட்காரும் பள்ளங்களிலும் அரிசி மணி அளவு தடவுங்கள். ஆப்-ராடின் கைப்பிடிக்கு உட்புறம் போல்ட்டின் காது ஓடும் வளைபள்ளம் இருக்கிறது. உராய்வு அதிகம் நடக்கும் இடம் அது, இரண்டு அரிசி மணி அளவு. ரிசீவரின் வலப்பக்கத்தில் தண்டின் நாக்கு ஓடும் பள்ளம் முழுவதும் மெல்லிய பூச்சு. குழலின் அடியில் தண்டு உரசும் இடம், போல்ட்டின் பின்புறம் சுத்தியலைத் தொடும் இடம், சுத்தியலின் முகம், ஸ்பிரிங். இவ்வளவுதான். வெளியே பிதுங்கினால் துடைத்துவிடுங்கள், மணலைப் பிடித்து வைக்கும்.

கேஸ் சிலிண்டருக்குள்ளும் பிஸ்டன் முனையிலும் எதுவும் தடவக் கூடாது. அங்கே எரியும் சூட்டில் எண்ணெய் கரியாகிப் பிஸ்டனைப் பிடித்துக்கொள்ளும். அந்த இரண்டும் உலர்ந்தே இருக்க வேண்டும்.

தோட்டா

பெட்டியில் .30-06 என்று போட்டிருப்பது மட்டும் போதாது. ராணுவம் இந்த ரைபிளில் பயன்படுத்திய எம்2 தோட்டாவின் ரவை ஏறக்குறைய 150 கிரெய்ன், அதாவது பத்து கிராமுக்குச் சற்றுக் குறைவு. அதன் வெடிமருந்து நடுத்தர வேகத்தில் எரிந்து தீரும். ரவை வாயுத் துளையைக் கடக்கும்போது அழுத்தம் தணிந்திருக்கும். வேட்டைக்கான 180 கிரெய்ன் தோட்டாக்களில் பெரும்பாலும் மெதுவாக எரியும் மருந்து இருக்கிறது. அறையில் அழுத்தம் வரம்புக்குள்தான் இருக்கும், ஆனால் ரவை முகவாயை நெருங்கும்போதும் மருந்து எரிந்துகொண்டிருப்பதால் துளையில் அழுத்தம் அதிகம். தண்டு சம்மட்டியால் அடித்ததுபோலப் பின்னால் பாயும். முதலில் காலி உறைகள் வழக்கத்தைவிடத் தூரமாக, பின்புறமாகப் பறக்கும். பிறகு ரிசீவரின் பின்முனையில் அடி விழுந்த தடம் தெரியும். கடைசியில் தண்டு வளையும்.

ஆகவே ரவை 150-லிருந்து 168 கிரெய்ன் வரை. 172-174-ஐத் தாண்ட வேண்டாம். பெட்டியின் மேலேயே எம்1 காரண்ட் என்று அச்சிட்டு வரும் தோட்டாக்கள் இருக்கின்றன. ஃபெடரல் அமெரிக்கன் ஈகிளின் 150 கிரெய்ன், ஹார்னடியின் 168 கிரெய்ன், பி.பி.யு.வின் 150 கிரெய்ன் ஆகியவை அந்த வகை. சொந்தமாகத் தோட்டா கட்டுபவர்கள் ஐ.எம்.ஆர். 4895, ஹாட்ஜ்டன் 4895, ஐ.எம்.ஆர். 4064 ஆகிய மருந்துகளோடு நின்றுகொள்வது நல்லது. அளவுக்கு, காரண்டுக்கென்று தனிப் பக்கம் உள்ள கையேட்டை மட்டும் பாருங்கள். கேஸ் சிலிண்டரின் முன்முனையை மூடும் கேஸ் பிளக்குகளில், வாயு வெளியேறும் துளையின் அளவை மாற்றக்கூடியவை விற்கின்றன. அவை உதவும். ஆனால் அதை நம்பி எந்தத் தோட்டாவையும் போடலாம் என்று நினைப்பது தவறு.

கட்டும் தோட்டாவில் இன்னொரு கவனம் தேவை. காரண்டின் ஃபயரிங் பின்னைப் பிடித்து வைக்க ஸ்பிரிங் கிடையாது. போல்ட் மூடும் வேகத்திலேயே அது, தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரை லேசாகத் தொடும். ஏற்றிய தோட்டாவை வெளியே எடுத்துப் பார்த்தால் பிரைமர் நடுவில் ஊசி முனை பட்டதுபோல ஒரு சிறு குழி இருக்கும். அது சகஜம். பிரைமர் விளிம்புக்கு மேலே துருத்திக்கொண்டிருந்தாலோ மிக மென்மையானதாக இருந்தாலோ அந்தத் தொடுதலே வெடிக்கப் போதும். பிரைமர் விளிம்புக்குச் சற்றுக் கீழே உட்கார வேண்டும், சி.சி.ஐ. 34 போன்ற கடின வகையாக இருக்க வேண்டும். ஒற்றைத் தோட்டாவை அறைக்குள் போட்டுவிட்டுப் போல்ட்டை விடவே கூடாது. கிளிப்பிலிருந்து உருவும்போது வேகம் தணியும், வெற்றறையில் தணியாது.

பழைய ராணுவச் சரக்காக இருந்தால் உறையின் அடியில் உள்ள வருடத்தைப் பாருங்கள். 1950-களின் தொடக்கம் வரையான அமெரிக்கத் தோட்டாக்களில், எரிந்ததும் துருப்பிடிக்க வைக்கும் உப்பை விட்டுச்செல்லும் பிரைமர் இருந்தது. எண்ணெய் அந்த உப்பைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். சுட்ட அன்றே வெந்நீர் விட்டுக் கழுவி, உலர்த்தி, அதன் பிறகு எண்ணெய் விட வேண்டும். கேஸ் சிலிண்டரையும் பிளக்கையும் மறக்க வேண்டாம்.

கிளிப் ஏற்றுவதும் இறக்குவதும்

கிளிப்புக்கு மேல் கீழ் இல்லை. ஆனால் எட்டாவது தோட்டா வலப்பக்கம் மேலே வருமாறு அடுக்கினால் உள்ளே தள்ளுவது எளிது. அடுக்கியபின் தோட்டாக்களின் பின்புறத்தை மேசையில் தட்டிச் சமப்படுத்துங்கள். ஒன்று முன்னே நீண்டிருந்தாலும் கிளிப் இறங்காது.

போல்ட் பின்னால் பூட்டிய நிலையில், வலது உள்ளங்கை விளிம்பை ஆப்-ராட் கைப்பிடியில் அணைத்து வையுங்கள். பெருவிரலால் கிளிப்பின் நடுவில் நேராக, ஒரே அழுத்தாக, அடிவரை தள்ளுங்கள். அது பூட்டியதும் பெருவிரலை மேலே எடுத்துவிட்டு, கைப்பிடியை விடுங்கள். போல்ட் முழுதும் மூடாமல் நின்றால் உள்ளங்கையால் கைப்பிடியை முன்னால் ஒரு தட்டு. பாதித் தயக்கத்தோடு மெதுவாக அழுத்துவதுதான் விரல் மாட்டுவதற்கு வழி. ஆனால் பெரும்பாலான பெருவிரல் காயங்கள் தோட்டா ஏற்றும்போது வருவதில்லை. காலித் துப்பாக்கியை மூடும்போது வருபவை. காலியாக மூட, கைப்பிடியை உள்ளங்கை விளிம்பால் பின்னுக்கு நன்றாக இழுத்துப் பிடித்துக்கொண்டே தோட்டாக்களை மேலே தள்ளும் தகடான ஃபாலோயரைப் பெருவிரலால் அழுத்துங்கள். போல்ட் சற்று முன்னால் வந்ததும் பெருவிரலை எடுங்கள். கடைசியில்தான் கைப்பிடியை விட வேண்டும்.

பாதி சுட்ட கிளிப்பை வெளியே எடுக்க, கைப்பிடியை இழுத்துப் பிடித்து ரிசீவரின் இடப்பக்கமுள்ள கிளிப் லாட்சை அழுத்துங்கள். மீதித் தோட்டாக்களோடு கிளிப் மேலே குதிக்கும், இடது கையால் மூடிப் பிடித்துக்கொள்ளலாம்.

சைட்டைச் சரிசெய்தல்

சுடுவதற்கு முன் பின்சைட்டின் உறுதியைப் பாருங்கள். அதன் பார்வைத்துளையான அப்பர்ச்சரைப் பத்து கிளிக் மேலேற்றி, பெருவிரலால் மேலிருந்து பலமாக அழுத்துங்கள். இறங்கினால் இடப்பக்கக் குமிழின் திருகு தளர்ந்திருக்கிறது. அதை முறுக்காமல் சுட்டால் தோட்டா வீண்.

முழுதும் இறக்கி, அங்கிருந்து எட்டு முதல் பத்து கிளிக் ஏற்றினால் 100 கெஜத்தில் இலக்கு அட்டையிலாவது படும். வலக்குமிழை நடுக்கோட்டில் வையுங்கள். மேசையில் மணல்மூட்டை வைத்து, ஐந்து ஐந்தாகச் சுடுங்கள். ஒரு கிளிக் 100 கெஜத்தில் ஏறக்குறைய ஓர் அங்குலம், 200 கெஜத்தில் இரண்டு. ரவைகள் இடப்பக்கம் நிறைய விலகினால் பின்சைட்டை ஓரத்துக்குத் திருகிக்கொண்டே போக வேண்டாம். முன்சைட்டின் அடித்திருகைத் தளர்த்தி, அதை இடப்பக்கமே நகர்த்துங்கள். முன்சைட் எப்போதும் பிழை இருக்கும் திசையில்தான் போக வேண்டும்.

200 கெஜத்துக்குப் போகும்போது இன்னும் இரண்டு கிளிக்கை ஒட்டி ஏற்ற வேண்டியிருக்கும். 200 கெஜப் போட்டிகளில் வைக்கும் எஸ்.ஆர். இலக்கின் கறுப்பு வட்டம் 13 அங்குலம். வட்டத்தின் அடிவிளிம்பில் முன்சைட்டை நிறுத்திக் குறி பார்ப்பவர், ரவை அதற்கு ஆறரை அங்குலம் மேலே படும்படி அமைத்துக்கொள்ள வேண்டும். எல்லாம் சரியானதும் இடக்குமிழின் நடுத்திருகைத் தளர்த்தி, கிளிக் மாறாமல் வெளிவளையத்தை மட்டும் திருப்பி, 200-க்கான கோட்டைப் பொருத்தி முறுக்குங்கள். இனி எந்தத் தூரத்துக்கும் குமிழைப் பார்த்துப் போகலாம். தேயாத குழலும் நல்ல தோட்டாவும் இருந்தால் 100 கெஜத்தில் ரவைகள் பட்ட தடங்களின் குழு மூன்று, நான்கு அங்குலத்துக்குள் சேரும். இதைவிடச் சிறிய குழு வேண்டும் என்று பாகம் பாகமாக மாற்றிக்கொண்டிருப்பதைவிட, ஒரே வகைத் தோட்டாவை நிறைய சுட்டுப் பழகுவது மேல்.

ஓஹியோவின் கேம்ப் பெர்ரியில் நடக்கும் ஜான் சி. காரண்ட் போட்டி இந்தப் பழக்கத்துக்கு நல்ல அளவுகோல். தூரம் 200 கெஜம். கிடந்தபடி நிதானச் சுடுதலில் சோதனைக்கு ஐந்து, புள்ளிக்குப் பத்து. கிடந்தபடி வேகச் சுடுதலில் 80 நொடியில் பத்து. நின்றபடி பத்து நிமிடத்தில் பத்து. மொத்தம் 300 புள்ளி. வேகச் சுடுதலில் கிளிப்பில் முதலில் இரண்டும் பிறகு எட்டுமாக ஏற்ற வேண்டும். இரண்டு தோட்டாவைக் கிளிப்பில் நிற்க வைப்பது கைப்பழக்கம். வீட்டில் மருந்தில்லாத டம்மித் தோட்டாவில் பழகிவிட்டுப் போங்கள்.

ஓடாமல் நின்றால்

முதலில் கிளிப்பை மாற்றுங்கள். தோட்டா மீதமிருக்கும்போதே கிளிப் மேலே பறந்துவிடும் தொல்லை பெரும்பாலும் விரிந்துபோன பழைய கிளிப்பால் வருகிறது. புதிய கிளிப்பிலும் அதே தொல்லை என்றால் கிளிப் லாட்சின் பல் தேய்ந்திருக்கிறது.

உறை பாதி வெளியே வந்து மாட்டுவது, கடைசித் தோட்டா போனபின் போல்ட் பின்னால் நிற்காதது, அடுத்த தோட்டா ஏறாதது ஆகிய மூன்றும் ஒரே நோயின் அடையாளங்கள்: தண்டு முழுத்தூரம் பின்னால் வரவில்லை. முகவாயின் கீழேயுள்ள கேஸ் பிளக் தளர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பாதிப் பேருக்கு அங்கேயே தீர்ந்துவிடும். அது இறுக்கமாக இருந்தால் பிஸ்டனில் கரி, பிறகு மரத்தில் உரசல், பிறகு பிஸ்டன் அளவு. போல்ட் பின்னால் நிற்காதது மட்டும் தனியாக வந்தால் ஆப்-ராட் கேட்சின் கொக்கி தேய்ந்ததா என்று பார்க்க வேண்டும்.

சுடும்போது தண்டின் நாக்கு ரிசீவர் பள்ளத்தைவிட்டு வெளியே குதித்தால் அன்றைய வேலையை நிறுத்துங்கள். நாக்கோ பள்ளமோ தேய்ந்துவிட்டது, அல்லது தண்டு கோணிவிட்டது. கழற்றும் வெட்டு உள்ள இடத்தைத் தவிர வேறெங்கும் கையால் வெளிப்புறமாக இழுத்தாலும் தண்டு வரக் கூடாது. குறி மேலும் கீழுமாக நீண்டு சிதறினால் முன் கைக்காப்பு மரம் கேஸ் சிலிண்டரோடு நெருக்கிக்கொண்டிருக்கும். அது முன்பின்னாகச் சிறிதளவு ஆட வேண்டும். சூட்டில் குழல் நீளும்போது நெருக்கினால் குறி நகரும்.

சுத்தம் செய்து வைத்தல்

கம்பியை முகவாய் வழியாக விடும்போது, வாயின் விளிம்பில் உரசாமலிருக்கப் பித்தளை அல்லது பிளாஸ்டிக் வழிகாட்டியை மாட்டுங்கள். ரைபிளைத் தலைகீழாக, சைட்டுகள் கீழே பார்க்கும்படி வைத்து வேலை செய்யுங்கள். அப்போது வாயுத் துளை மேற்புறம் இருக்கும், கரைப்பான் சிலிண்டருக்குள் வழியாது. ஒவ்வொரு முறையும் மரத்திலிருந்து கழற்ற வேண்டாம், கழற்றிப் பூட்டும்போதெல்லாம் மரம் கொஞ்சம் அமுங்குகிறது. கிரீஸ் புதுப்பிக்க வேண்டிய வேளையில், அல்லது மழையில் நனைந்தால் கழற்றுங்கள். அலமாரியில் வைக்கும்போது டிரிகர் கார்டைப் பூட்டிலிருந்து விடுவித்துத் தொங்கவிட்டு வையுங்கள். அழுத்தம் இல்லாமல் கிடக்கும் வால்நட் மரம் அடுத்த போட்டிக்கு எடுத்துப் பூட்டும்போதும் அதே இறுக்கத்தில் பிடிக்கும்.